பழைய வேலையிலிருந்து குழந்தை வளர்ப்புக்கு எதை எடுத்து வரலாம்? செய்முறை மட்டும், சொந்தக் கதை வேண்டாம்

#1 கரையோரம் (இழை தொடக்கம்)

எந்த வேலை பார்த்தவர் நல்ல பெற்றோர் ஆவார் என்று கேட்டால், பொறுமை, நேர நிர்வாகம், அனுசரிப்பு என்று ஆளாளுக்குப் பொதுவாக அடித்துவிட்டுப் போகிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு அதனால் பத்துப் பைசா பிரயோசனம் இல்லை.

ஆகவே இந்த இழைக்கு ஒரே விதி. உங்கள் துறையில் தினமும் கைபழகிய ஒரு செய்முறையை எடுங்கள். அது வீட்டுக்கு எப்படிப் பொருந்தும், அளவு என்ன, எங்கே சொதப்பும் என்று எழுதுங்கள். பிறந்தது முதல் மூன்று வயது வரை போதும். 'எங்க வீட்ல என்ன ஆச்சுன்னா' ரகப் பதிவுகளுக்குத் தனி இழை இருக்கிறது.

#2 மூணாவது_ஷிப்ட் (வார்டு செவிலி)

ஷிப்ட் ஒப்படைப்பு. அப்படியே எடுத்து வரலாம்.

வார்டில் "பேஷன்ட் நல்லா இருக்கார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது. "இப்பத்தான் குடிச்சான், தூங்குறான்" என்பதும் அதே ரகம்தான். இப்பத்தான் என்றால் எத்தனை மணிக்கு? எழுதி ஒப்படைக்க வேண்டியவை ஐந்து: கடைசியாகப் பால் குடித்த நேரம் (எந்தப் பக்கம், புட்டி என்றால் எத்தனை மி.லி.), கடைசிச் சிறுநீர், கடைசி மலம், கொடுத்த மருந்து, செய்யாமல் பாக்கி இருப்பது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், நூலில் கட்டிய பேனா. நூல் முக்கியம். பேனா தொலைந்த அன்றோடு தாளும் செத்துவிடும்.

மருந்து உள்ளே போன பிறகுதான் டிக். எடுத்து வைக்கும்போதே டிக் போட்டால் நடுவில் காலிங் பெல் அடிக்கும், மருந்து சிரிஞ்சிலேயே கிடக்கும், தாளோ கொடுத்தாயிற்று என்று சொல்லும். கைக்குழந்தைக்குத் தினம் கொடுக்கிற வைட்டமின் டி சொட்டில்தான் இது அடிக்கடி நடக்கும். ஒன்று இருவரும் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருவருமே விட்டுவிடுவார்கள். வழக்கமான அளவு நாளுக்கு 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் அலகு). கடையில் ஒரு மி.லி.க்கு 400 ஐ.யூ. உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. பாட்டில் மாறினால் மி.லி.யும் மாறும்.

மனப்பாடமாக இருக்க வேண்டிய எண்கள்: பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்தது 6 தடவை சிறுநீர். உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். இரண்டு மாதத்துக்குள் மூச்சு நிமிடத்துக்கு 60 அல்லது மேல் போனால் ஆபத்து அறிகுறி. முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது கைக்குழந்தைக்குச் சரிவராது, மூச்சு விட்டு விட்டுத்தான் வரும்.

டாக்டருக்குப் போன் போடும்போது வரிசை: நிலைமை, பின்னணி, நீங்கள் கவனித்தது, உங்கள் கேள்வி. "எட்டு வாரக் குழந்தை, அக்குளில் 38.2, காலை ஆறிலிருந்து. நிறை மாதப் பிரசவம். ரெண்டு வேளையாகப் பால் குடிக்க எழுப்பினாலும் எழவில்லை. நேரா கேஷுவாலிட்டிக்கு வரட்டுமா?" இருபது நொடியில் முடியும். "சார், குழந்தை ஒரு மாதிரியா இருக்கு" என்று ஆரம்பித்தால் அவர் பத்துக் கேள்வி கேட்டு இதே இடத்துக்கு வருவார்.

#3 உப்புக்கல்

வீட்டை ஆஸ்பத்திரி ஆக்கச் சொல்றீங்க. நம்ம அம்மாக்கள் எந்தத் தாளில் எழுதினாங்க?

#4 மூணாவது_ஷிப்ட்

@உப்புக்கல் அவர்கள் வீட்டில் நாலு பெண்கள் ஒரே கூடத்தில் இருந்தார்கள், ஒருவர் பார்க்காததை இன்னொருவர் பார்த்தார். இப்போது ரெண்டு பேர், மாறி மாறித் தூக்கம். அந்த நாலு ஜோடிக் கண்ணுக்குப் பதில்தான் இந்தத் தாள்.

#5 கவுன்டர்22 (மருந்தாளுநர்)

செவிலியக்கா தொட்டுவிட்டுப் போன இடத்திலிருந்து. கவுன்டரில் நாங்கள் பார்க்கும் பெரிய ஆபத்து, ஒரே பெயரில் மூன்று பலம்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மி.லி.யில் 100 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 125 மி.கி. (120-ம் உண்டு). இன்னொரு சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. அளவு எடையை வைத்து: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம், நாளுக்கு நாலு வேளை. 6 கிலோ குழந்தைக்கு 15 வீதம் 90 மி.கி. என்று வையுங்கள். சொட்டு மருந்தில் அது 0.9 மி.லி., 125 சிரப்பில் 3.6 மி.லி., 250 சிரப்பில் 1.8 மி.லி. போன மாதம் 3.6 கொடுத்த நினைவில், இந்த மாதம் வாங்கிய சொட்டு மருந்தில் 3.6 எடுத்தால் 360 மி.கி. உள்ளே போகிறது. நாலு மடங்கு. அடி வாங்குவது கல்லீரல். சிரப்பும் சொட்டும் ஒரே வீட்டில் இருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

கவுன்டர் பழக்கம்: பாட்டிலை எடுக்கும்போது பெயர், பலம், காலாவதித் தேதி மூன்றையும் வாய்விட்டுப் படிப்பது. பக்கத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும். அளக்க ஊசியில்லா சிரிஞ்சு. வீட்டு டீஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொள்ளளவு. குழந்தையைச் சற்று நிமிர்த்தி, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுங்கள். நேரே தொண்டைக்குப் பீய்ச்சினால் புரையேறும்.

மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி தொட்டால் வீட்டு மருந்தே கிடையாது, நேரே ஆஸ்பத்திரி. சளி மருந்தில் குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று அட்டையில் அச்சிட 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. மூத்த பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த பாட்டிலை இளையதுக்கு ஊற்றும் வீடுகளுக்காகச் சொல்கிறேன்.

ஓ.ஆர்.எஸ். இன்னொரு கண்ணி. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மி.லி.க்கு. பெரியதைப் பிரித்து ஒரு டம்ளரில் கொஞ்சம் கலக்கி, மிச்சத்தை ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது பரவலாக நடக்கிறது. உப்பின் செறிவு ஏறினால் நீரிழப்பை விட மோசம். முழுப் பாக்கெட், முழு லிட்டர், 24 மணி நேரத்தில் தீராததைக் கொட்டுங்கள். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு சின்ன ஸ்பூன்.

#6 பின்கட்டு_மாஸ்டர் (ஓட்டல் கிச்சன்)

நம்ம பக்கத்துலேர்ந்து ரெண்டு விஷயம்.

ஒண்ணு, லேபிள். கிச்சன்ல தேதி ஒட்டாத டப்பா குப்பைக்குத்தான் போகும், யார் சத்தியம் பண்ணாலும் சரி. பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலுக்கும் அதே. தேதி, நேரம், மி.லி. மூணும் டேப்ல எழுதி ஒட்டணும். வெளியில 25 டிகிரிக்கு நாலு மணி நேரம்னு போட்டிருக்கும். சித்திரை மாச சென்னைல ஏ.சி. இல்லாத ரூம் 33, 34. அங்க நாலு மணிக் கணக்கை நம்பாதீங்க, எடுத்த கையோட ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ்ல நம்ம ஊர் டாக்டருங்க பெரும்பாலும் 24 மணி நேரம் சொல்வாங்க. அமெரிக்கப் பக்கம் போனா நாலு நாள்னு இருக்கும். கரண்ட் போயிட்டு வர்ற ஊருக்கு 24-ஐப் பிடிச்சுக்கிறதுதான் நல்லது. கதவுத் தட்டுல வைக்காதீங்க, ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் சூடாகுற இடம் அதுதான். உள்பக்கம், பின்சுவர் ஓரம். பழசு முன்னாடி, புதுசு பின்னாடி. மைக்ரோவேவ் கூடாது, நடுவுல ஒரு இடம் மட்டும் கொதிக்கும், மேல தொட்டா ஆறின மாதிரி இருக்கும். வெந்நீர்க் கிண்ணத்துல டப்பாவை நிக்க வைச்சா போதும். மேல ஆடை மாதிரி பிரிஞ்சு நிக்கிறது கொழுப்பு, கெட்டுப்போகல. மெதுவா சுழட்டினா கலந்துடும்.

பவுடர் பால் கொடுக்கற வீட்டுக்கு: தண்ணி முதல்ல, பவுடர் அப்புறம். பவுடரைப் போட்டுட்டு 60 மி.லி. கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினா உள்ள போன தண்ணி 60-க்குக் கம்மி, பால் கெட்டியாயிடும். பெரும்பாலான டப்பாவுல 30 மி.லி.க்கு ஒரு ஸ்கூப், தலை தட்டினது. அமுக்கக்கூடாது. அந்த டப்பா ஸ்கூப் அந்த டப்பாவுக்கு மட்டும்தான். கொதிச்ச தண்ணியை அரை மணிக்கு மேல ஆற விடாம, 70 டிகிரிக்குக் குறையறதுக்குள்ள பவுடர் போடணும். பவுடர் கிருமி நீக்கின பொருள் இல்ல, அந்தச் சூடுதான் கிருமியைக் கொல்லும். அப்புறம் புட்டியைக் குழாய்த் தண்ணில காட்டி ஆத்தணும். ரெண்டு மணி நேரத்துல குடிக்காதது சிங்க்குக்கு. "காசு போட்ட பால்"னு மனசு கேக்காது. கொட்டுங்க.

ரெண்டாவது, எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு அடுப்பைப் பத்த வைக்கிற பழக்கம். டயபரை அவுக்கறதுக்கு முன்னாடி புது டயபர் விரிச்சு, தண்ணி பஞ்சு, துடைக்கற துணி, க்ரீம் மூடி திறந்து, மாத்து சட்டை. எல்லாம் வலது கைக்கு எட்டணும். ஏன்னா இடது கை குழந்தை மேலேர்ந்து எடுக்கக்கூடாது. கட்டில்லேர்ந்து விழற கேஸ் நிறைய "க்ரீம் எடுக்கப் போன" கேஸ்தான்.

#7 நாற்கரச்சாலை (நெடுந்தூர ஓட்டுநர் பயிற்சி)

தூக்கம் பற்றி யாரும் எழுதவில்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண் வேகம் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருக்குச் சமம் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு சொல்கிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 30 மி.கி., அதாவது 0.03. இதைத்தான் டிரைவர்களுக்கு முதல் வகுப்பில் சொல்கிறோம். காலை ஐந்துக்கு எழுந்தவர் இரவு பத்துக்குக் குழந்தையோடு காரை எடுத்தால் என்ன கணக்கு என்று நீங்களே பாருங்கள்.

இரட்டை டிரைவர் வண்டியில் ஒருவர் ஓட்ட, மற்றவர் உண்மையிலேயே படுத்துத் தூங்க வேண்டும். ரெண்டு பேரும் முன்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு போனால் விடியற்காலை ரெண்டு பேருமே பூஜ்யம். வீட்டில் நடப்பது பெரும்பாலும் இந்த ரெண்டாவது முறைதான்: குழந்தை சிணுங்கினால் இருவரும் எழுவது. பாசம்தான், ஆனால் கணக்கில் நஷ்டம். இரவு 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை மற்றவர். ஓய்வில் இருப்பவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரே மூச்சில் கிடைக்கும் நாலைந்து மணி நேரம், துண்டு துண்டாகக் கிடைக்கும் ஏழு மணி நேரத்தை விட உடம்பில் ஒட்டும்.

பகல் தூக்கம் 20 முதல் 30 நிமிடம். நாசா 1990களில் விமானிகளிடம் பார்த்த ஆய்வில் சராசரி 26 நிமிடம், அதற்கே விழிப்பு தேறியது. முக்கால் மணி தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் பிடிபட்டு, எழுந்த கால் மணி நேரம் தலை சுற்றும். அந்தக் கால் மணியில் குழந்தையைக் குளிப்பாட்டாதீர்கள்.

அதிகாலை 2 முதல் 6 வரைதான் லாரி விபத்தின் நேரம். அதே நேரத்தில் சோபாவில் சாய்ந்து குழந்தையை மார்பில் போட்டபடி கண் அசருவது வீட்டில் நடக்கிற மிக ஆபத்தான காரியங்களில் ஒன்று. மெத்தைச் சந்தில் முகம் புதைந்தால் கைக்குழந்தைக்குத் தலையைத் திருப்பத் தெரியாது. கண் சொக்குகிறது என்றால் குழந்தையை மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், தலையணை இல்லாமல் கிடத்திவிடுங்கள். அழட்டும். அழுகிற குழந்தை மூச்சு விடுகிற குழந்தை.

#8 வெயில்மழை

@நாற்கரச்சாலை தாய்ப்பால் மட்டும் கொடுக்கிற வீட்டில் 9 முதல் 2 அப்பா பார்ப்பது எப்படி நடக்கும்? கட்டுரைகளில் எழுத நன்றாக இருக்கும்.

#9 மூணாவது_ஷிப்ட்

@வெயில்மழை சரியான கேள்வி. முதல் நாலு முதல் ஆறு வாரம் பால் ஊறிச் சீராகும் காலம், இரவுப் பால் வேளையைத் தாண்டவிடக்கூடாது. அந்தக் கட்டத்தில் பிரிக்க வேண்டியது நேரத்தை அல்ல, வேலையை. குழந்தையை எடுத்து, டயபர் மாற்றி, அம்மாவின் பக்கத்தில் கொண்டு வந்து வைப்பது, பிறகு ஏப்பம் விடவைத்து உறங்க வைப்பது எல்லாம் மற்றவர் பொறுப்பு. அம்மா பால் கொடுப்பது மட்டும். நாற்பது நிமிட வேலை இருபதாகக் குறையும். ஆறு வாரத்துக்குப் பிறகு பீய்ச்சி வைத்தால் மாஸ்டர் சொன்ன லேபிளும் ஓட்டுநர் சொன்ன முறையும் சேர்ந்து ஓடும்.

#10 மஞ்சள்_ஹெல்மெட் (கட்டுமானத் தளப் பாதுகாப்பு)

தளத்தில் ஒரு ஆபத்தைப் பார்த்தால் நாங்கள் ஐந்து படியில் யோசிப்போம்: அந்தப் பொருளையே அகற்று, ஆபத்துக் குறைந்த வேறொன்றை வை, நடுவே தடுப்புக் கட்டு, விதி போடு, கவசம் மாட்டு. மேலிருந்து கீழே வர வர பலன் குறையும். வீடுகளில் ஒரேயடியாக நாலாம் படியில்தான் நிற்பார்கள்: "தொடாதேன்னு சொன்னேனே." ஒன்றரை வயதுக்கு விதி செல்லாது.

முதல் படி. பாத்ரூம் ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் இவை வீட்டுக்குள் தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, ஏறி வரும்போது இன்னொரு முறை சுடும், நுரையீரலுக்கும் போகும். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, சாவி இவற்றில் இருக்கும் 20 மி.மீ. பட்டன் பேட்டரி இன்னும் மோசம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கும். ஒரு வயது தாண்டிய குழந்தை என்றால் போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேனுக்காகக் கிளம்புவதைத் தாமதிக்கக்கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கிடையாது.

தண்ணீர். பிடிக்கிற தண்ணீரைச் சேர்த்து வைத்தே ஆக வேண்டிய ஊர்கள் நம்முடையவை, ஆகவே 'வாளியைக் காலியாக வை' என்பது பாதி உபதேசம். குழந்தைக்குத் தலை கனம், எட்டிப் பார்த்தால் தலைகீழாக விழும், கையை ஊன்றி நிமிர அதற்குப் பலம் இல்லை. ஒரு சாண் தண்ணீர் போதும். சேமிப்பு டிரம்முக்குத் திருகு மூடி. பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவர் கண் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், செலவு நூறு ரூபாய்க்குள். துவைத்து முடித்த வாளி கவிழ்த்தே இருக்க வேண்டும்.

சூடு. கீசர் 50 டிகிரிக்கு மேல் வேண்டாம். குக்கரும் ரசச் சட்டியும் உள்பக்க பர்னரில், கைப்பிடி சுவர் பக்கம். சாதம் வடித்த கஞ்சியைத் தரையில் இறக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் சமையலறை வாசலுக்கு அரைக் கதவு போட்டே ஆக வேண்டும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் கிடையாது.

பால்கனி. கம்பிக்கு நடுவே 10 செ.மீ. பந்து நுழையக்கூடாது. கிடைமட்டக் கம்பி என்றால் அது ஏணி, உள்பக்கமாகப் பாலிகார்பனேட் தகடோ வலையோ அடியுங்கள். எத்தனை நல்ல கிரில் போட்டாலும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடந்தால் எல்லாம் வீண்.

மின்சாரம்: மூடி உள்ள பிளக் பாயின்ட், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்), மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தி டிரிப் ஆகிறதா என்று பாருங்கள்.

ஆய்வுக்கு முட்டி போட்டு வீட்டைச் சுற்றுங்கள். தவழும் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு அடிதான். 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுசாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குள் மூச்சை அடைக்கும் என்பது பொம்மைத் தரச் சோதனையின் கணக்கு. வீட்டில் டிஷ்யூ ரோல் நடுவே உள்ள அட்டைக் குழாயை வைத்துப் பாருங்கள், அது சற்றே பெரியது, அதனால் பாதுகாப்பான பக்கம். நிலக்கடலை, முழுத் திராட்சை, வேகாத பட்டாணி எல்லாம் இதில் விழும்.

கடைசியாக, நூலிழையில் தப்பியதையும் பதிவு செய்வது. அடி பட்டால் மட்டும் பேசுவது தளத்தில் கிடையாது. குழந்தை மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது, திறக்கவில்லை என்றால் அன்றைக்கே அந்தப் பாட்டில் இடம் மாற வேண்டும். "நல்லவேளை" என்று சொல்லிவிட்டு அதே அலமாரியில் வைத்தால் அடுத்த முறை திறந்திருக்கும்.

#11 உப்புக்கல்

இவ்வளவு சொன்ன அண்ணன் தூளியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதுவும் தடையா?

#12 மஞ்சள்_ஹெல்மெட்

@உப்புக்கல் தூளி எனக்குத் தூக்கும் எந்திரம் மாதிரி. கொக்கி, தொங்கு கயிறு, சுமை மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கணும்.

கொக்கி: மேல்தளக் கான்கிரீட்டில் கம்பியோடு சேர்த்து வார்த்ததாக இருக்க வேண்டும். பிறகு துளை போட்டுப் பிளக் அடித்த கொக்கி வேண்டாம். ஃபேன் மாட்டிய கொக்கியில் சேர்த்து மாட்டவும் வேண்டாம். 10 கிலோ பிள்ளையை 45 டிகிரிக்கு வீசி ஆட்டினால் கீழே வரும்போது கொக்கி கிட்டத்தட்ட 16 கிலோ இழுவையைத் தாங்குகிறது. அது பெரிய சுமை இல்லை. ஆனால் மூத்த பிள்ளை ஒருநாள் தொங்கும். ஆகவே பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்த்துத் தாங்க வேண்டும். வாய் திறந்த எஸ் கொக்கி ஆட ஆட நழுவும், மூடிய வளையம் போடுங்கள். ஸ்பிரிங் தொட்டில் என்றால் ஸ்பிரிங்குக்குள் ஒரு தனிக் கயிறு ஓடணும், ஸ்பிரிங் அறுந்தாலும் அது பிடிக்கும்.

துணி: பருத்திச் சேலை. நைலக்ஸ், பாலியஸ்டர் முடிச்சு வழுக்கும். கொக்கியில் உராயும் மடிப்புதான் முதலில் நையும், வாரம் ஒருமுறை அந்த இடத்தை இரண்டு சாண் நகர்த்துங்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், கீழே பாய் விரித்திருக்க வேண்டும்.

சுமை, அதாவது குழந்தை. கழுத்து நிற்காத நாலு மாதம் வரை தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சுக்குழல் மடங்கும். குறுக்குக் கட்டை போட்டு அடிப்பக்கத்தை அகட்டினாலும் அது சமதளம் ஆகாது. ஆகவே ஆட்டித் தூங்க வைக்க, கண் எதிரே. தூங்கியதும் பாயில். புரள ஆரம்பித்த பிறகு அதுவும் நிறுத்தம். கடைசி விஷயம்தான் பலருக்குத் தெரியாது: காலியாகத் தொங்கும் தூளியில் மூத்த பிள்ளைகள் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றும்போது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். வேலை முடிந்தால் அவிழ்த்துவிடுங்கள், மேலே தூக்கிக் கட்டுவது போதாது.

#13 பிழைதேடி (மென்பொருள் சோதனை)

சோதனையில் முதல் பாடம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. குழந்தை மூன்று நாளாக ராத்திரி அழுகிறது என்று ஒரே நாளில் பால் பவுடரை மாற்றி, கிரைப் வாட்டர் ஊற்றி, அறையை மாற்றி, எண்ணெயை மாற்றினால், நாலாம் நாள் அழுகை நின்றாலும் எதனால் என்று தெரியாது. ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கும்போதும் இதுவே. ஒரு புது உணவு, மூன்று நாள், காலை வேளையில். ராத்திரி புதுசாகக் கொடுத்தால் தடிப்பு வந்தால் பார்க்க ஆள் விழித்திருக்காது. கேழ்வரகு, பாசிப்பருப்பு, முட்டை என்று எதை எந்தத் தேதியில் தொடங்கினோம் என்று குறித்தால் போதும்.

ஆனால் என் துறைக்காரர்கள் ஆப் போட்டு வரைபடம் வரைவதை நான் ஆதரிக்கவில்லை. பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் முதல் சில நாளில் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீண்டு வரும். பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். எடை மீண்டு, சிறுநீர்க் கணக்கும் சரியாக இருந்தால் பால் நேரப் பட்டியலை நிறுத்திவிடலாம். மருந்துப் பட்டியல் மட்டும் இருக்கட்டும். அழுகை ஆறாம் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக இறங்கும். அது பிழை அல்ல, வடிவமைப்பே அப்படி. அதைச் 'சரிசெய்ய' முயல்வதில்தான் வீடு உடைகிறது.

#14 ஹெட்செட் (வாடிக்கையாளர் சேவை)

அடம் பிடிக்கிற ரெண்டு வயசுக்கு எங்க முறைதான் பெஸ்ட். முதல்ல குறையைத் திருப்பிச் சொல்லு ("பலூன் வேணும்னு கோவம் வந்துடுச்சு"), குரலை எதிராளியை விட ஒரு படி இறக்கு, ரெண்டு தேர்வு கொடு. கோபமான வாடிக்கையாளருக்கும் இதே ஸ்கிரிப்ட்தான்.

#15 சிலேட்டு (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

@ஹெட்செட் பாதி ஒப்புக்கொள்கிறேன். கோபமான வாடிக்கையாளருக்குக் கடைசியில் ஏதாவது சலுகை கொடுத்து போனை வைக்கிறீர்கள். குழந்தையிடம் அங்கேதான் நிறுத்த வேண்டும். பத்து நிமிடம் அழுததும் பலூன் கிடைத்தால், அடுத்த தடவை பத்து நிமிடம் என்பதுதான் விலை.

வகுப்பறை வாக்கியங்களில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: "ஓடாதே" என்பதற்குப் பதில் "நட". எதிர்மறையைக் கேட்டு, புரட்டி, அடக்கிக்கொள்வது இரண்டு வயதுக்கு மூன்று வேலை. "கொட்டாதே" அல்ல, "ரெண்டு கையாலயும் பிடி". ஒரு கட்டளை, பிறகு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். எண்ணி முடிவதற்குள் அதையே நாலு தடவை வேறு வேறு வார்த்தையில் சொன்னால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து யோசிக்கும். தேர்வு கொடுத்தால் இரண்டு, இரண்டுமே உங்களுக்குச் சம்மதமானவை: "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" "குளிக்கப் போலாமா?" என்று கேட்டுவிட்டு "வேணாம்" வந்ததும் கோபித்துக்கொள்வது நம் தவறு, கேள்வியாகக் கேட்டது நாம்தான். விளையாட்டை நிறுத்த வேண்டுமானால் "அஞ்சு நிமிஷம்" அர்த்தமற்றது. "இன்னும் மூணு சறுக்கு, அப்புறம் வீடு" என்றால் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்.

வகுப்பறையிலிருந்து எடுத்து வரக்கூடாதது திருத்துவது. சிவப்பு மைக் கண்ணோடு வீட்டுக்குள் நுழைந்தால் குழந்தை பேசுவதைக் குறைத்துக்கொள்ளும். "பூண பாத்தேன்" என்றால் "ஆமா, பூனையைப் பாத்தியா? எங்க போச்சு?" அவ்வளவுதான்.

#16 ஹெட்செட்

சலுகை பாயின்ட் ஏற்றுக்கொண்டேன். ஆனா மியூட் பட்டனை விட்டுக்கொடுக்க மாட்டேன். கைக்குழந்தை நிறுத்தாம அழுது, உங்களுக்குக் கை நடுங்குற அளவுக்குப் போச்சுன்னா, மல்லாக்கக் கிடத்திட்டு கதவைச் சாத்தி அஞ்சு பத்து நிமிஷம் வெளிய நில்லுங்க. குலுக்குறது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது, மூளைக்குள்ள ரத்தம் கசியும்.

#17 பதிவறை_இருக்கை (உள்ளாட்சி எழுத்தர்)

யாரும் தொடாத பகுதி: காகிதம். பிறப்பு 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் அவர்களே அனுப்புவார்கள், ஆனால் பெற்றோர் பெயரை அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று டிஸ்சார்ஜுக்கு முன் பாருங்கள். அட்மிஷன் சீட்டில் யாரோ அவசரத்தில் எழுதியதுதான் சான்றிதழ்வரை போகும். தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்திலும் பெயர் வரும், இரண்டையும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். குழந்தைக்குப் பெயர் முடிவாகாவிட்டால் அவசரப்பட வேண்டாம். பெயரில்லாமல் பதிந்து, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதுதான் இழுபறி.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. முன்பு போலப் பள்ளிச் சான்றிதழை வைத்துச் சமாளிக்க முடியாது.

#18 வெயில்மழை

@பதிவறை_இருக்கை இனிஷியல் எப்படிப் போடுவது? வீட்டில் இதற்கே ஒரு வாரமாக வாக்குவாதம்.

#19 பதிவறை_இருக்கை

@வெயில்மழை சான்றிதழில் தந்தை, தாய் பெயர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, ஆகவே குழந்தை பெயர்க் கட்டத்தில் இனிஷியல் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தாலும் குறை இல்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும், அப்போது சான்றிதழில் உள்ள அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல் அப்படியே வந்து உட்காரும். அதனால் குழந்தை பெயரை விட அப்பா, அம்மா பெயரின் எழுத்துகளை முதலில் சரிபாருங்கள். ஐந்து வயதுக்குள் எடுக்கும் குழந்தை ஆதாரில் கைரேகை கிடையாது, போட்டோ மட்டும். 5 வயது முடிந்ததும் கைரேகையும் கருவிழியும் பதிய வேண்டும், 7 வயதுக்குள் போனால் கட்டணம் இல்லை. பள்ளிச் சேர்க்கைக் கூட்டத்தில் ஆதார் மையத்தில் வரிசை நீளும், ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.